மீன்தொட்டிக்கு ஏற்ற வடிகலன்

கொல்கத்தா காலிப் தெருவின் ஞாயிற்றுச் சந்தையில் சிக்ளிட் மீன்களை வாங்கி வரும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. ஊரில் ஜிலேபிக் கெண்டை என்போமே, அதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே இவையும். மிகுதியாக உண்டு மிகுதியாகக் கழிப்பதும், மணலைக் கிளறுவதும் இவற்றின் இயல்பு. ஆதலின் தொட்டிக்கு வெளியே, அதற்குக் கீழே நிறுத்தும் கேனிஸ்டர் பில்டரே இவற்றுக்குத் தக்கது.

விலை குறைந்ததை வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால் பெட்டியின்மேல் அச்சிட்ட நீரோட்ட அளவு, பெரும்பாலும் கலம் வெறுமையாக இருக்கையில் கண்டது. 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1000 முதல் 1200 லிட்டர் எனக் குறித்ததைத் தேர்க. புற ஊதா விளக்குக்குக் கூடுதற் பணம் தருவது வீண் என்பது நம் கருத்து. அப்பணத்திற்குப் பீங்கான் வளையங்கள் வாங்கலாம். மீன்கழிவின் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அவற்றில்தான் குடியிருக்கின்றன. குழாய்நீரின் குளோரின் அவற்றைக் கொல்லும்; தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுக.

நாம் பெரிதும் அஞ்சுவது மூடியின் ரப்பர் வளையத்துக்கே. அது நைந்தால் நீர் கசிந்து கீழ்வீட்டாரின் கூரையில் இறங்கும்; வாடகைக்குக் குடியிருப்போர்க்கு இது சிறு செய்தியன்று. மாற்று வளையமும் இம்பெல்லரும் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் வினவிய பின்னரே பணப்பையைத் திறக்கலாம். கிடைக்காதெனின் எத்துணை மலிவாயினும் வேண்டா.

மின்சாரம் பல மணிநேரம் நின்றுவிட்டால், கலத்தைத் திறந்து அலசிய பின்னரே மீண்டும் ஓட்டுக. உள்ளே தேங்கிய நீர் கெட்டிருக்கும்.