மறுக்கவும் ஒரு பொத்தான்

கோவையில் வெட் கிரைண்டர் விலை பார்க்க ஓர் இணையதளத்தைத் திறந்தால், பொருளுக்கு முன்னால் ‘குக்கீகளை ஏற்கிறேன்’ என்ற பெட்டி வந்து நிற்கிறது. பெரும்பாலோர் படிக்காமலே அழுத்திவிடுகிறோம்.

குக்கீ என்பது அந்தத் தளம் நம் பிரௌசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி உருவாக்கியது. கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்க அது வேண்டும், அதில் குறையில்லை. கவலை தருபவை விளம்பர நிறுவனங்களின் குக்கீகள். கிரைண்டர் தேடியவரைச் செய்தித் தளம், சமையல் தளம் என்று அவை விடாமல் பின்தொடர்கின்றன. அவர் எதைத் தேடுகிறார், எதை வாங்குகிறார் என்பதெல்லாம் முகம் தெரியாதவர்களின் சரக்காகிறது. இது அத்துமீறல்தான்.

ஏற்பதைப்போல் மறுப்பதை எளிதாக வைக்காததற்காக கூகுளுக்கு பிரான்ஸ் 15 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் தருவதுபோலவே அதைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழிசெய்யச் சொல்கிறது.

இணையத்தில் விற்கும் கோவை, திருப்பூர், ஈரோடு வணிகர்கள் இந்தச் சட்டத்தைப் பின்பற்றுவதற்கான கெடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ‘மறுக்கிறேன்’ என்ற பொத்தானையும் தமிழில், அதே அளவில் இப்போதே வையுங்கள்.