தேர்தலும் குற்றப்பிரேரணையும்

தேர்தல் அணித்தாக வருங்கால் நாட்டுத் தலைவர்மீது குற்றப்பிரேரணை கொணர்தல் தகாது, மக்களே தீர்க்கட்டும் என்பார் உளர். கேட்டற்கு இனிய வாதமே. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கச் செனற் சபை டொனால்ட் டிரம்பை விசாரித்தபோது, லாமர் அலெக்சாந்தர் என்னும் உறுப்பினர், அவர் செயல் தகாததே, அது மெய்ப்பிக்கவும் பட்டது என ஒப்பியும், பதவிநீக்கத்தை மறுத்து, முடிபை வாக்காளரிடமே விட்டார்.

அச்செயல்தான் யாது? தம்மை எதிர்த்துப் போட்டியிடக்கூடிய ஜோ பைடன்மீது விசாரணை தொடங்குமாறு உக்ரேனை நெருக்கினார் என்பதே. தேர்தலையே கோணச் செய்ய முயன்றார் என்னும் குற்றச்சாட்டுக்கு அத்தேர்தலையே நீதிமன்றமாக்குதல் எங்ஙனம் பொருந்தும்? வாக்காளர் இருவரை ஒப்புநோக்கி ஒருவரைத் தெரிவர்; செயலொன்றை ஆராய்ந்து தீர்ப்புரைப்பாரல்லர்.

இனி, அவசரம் என்று முழங்கிய பிரதிநிதிகள் சபை, 2019 டிசெம்பர் 18இல் நிறைவேற்றிய பிரேரணையை அடுத்த ஜனவரி 15 வரை செனற் சபைக்கு அனுப்பாது வைத்திருந்ததும் எமக்கு உடன்பாடன்று.

அந்நாட்டு அரசியலமைப்போ இதற்குக் கால எல்லை எதனையும் வகுத்திலது. 1868 நவெம்பரில் தேர்தல் வரவிருக்க, அவ்வாண்டு மே மாதத்தில் அன்ரூ ஜோன்சன்மீது செனற் சபை வாக்களித்தது. குற்றவாளி என்றோர் 35 பேர். அல்லர் என்றோர் 19 பேர். ஒரு வாக்குக் குறைந்தமையால் அவர் பதவி நிலைத்தது. தேர்தல் அண்மையிலுள்ளதென அன்று சபை ஒதுங்கிற்றில்லை. தலைவரின் பதவிக்காலம் நான்காண்டு. இறுதியாண்டில் வினவலாகாதெனின், அதிற் காற்பங்கு அவர் சபைக்கு விடையிறுக்க வேண்டாதவராவார்.