ஆமத்தூருக்கு முன்னால் ஆனையூர்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் இருக்கிறது ஆமத்தூர். ஆனையூர் சிவகாசியை ஒட்டிய ஊர். அகராதி முறைப்படி அடுக்கினால் ஆமத்தூர் முதலில் வரும், ஆனையூர் பிறகு வரும். மெய்யெழுத்து வரிசையில் னகரம்தானே கடைசி! ஆனால் இணையப் படிவங்களுக்கு நம்மில் பலர் எழுதித் தரும் ட்ராப்டவுனில் ஆனையூர்தான் முந்திக்கொண்டு நிற்கிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அண்மையில் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கணினி மையத்தில் உட்கார்ந்திருந்தேன். விண்ணப்பம் போட வந்த பெரியவர் திரையை எட்டிப் பார்த்து, “நம்ம ஊரு பேரு இல்லையேம்மா” என்றார். “இருங்கய்யா, மேல போய்ப் பாக்குறேன்” என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். பட்டியலில் ஆனையூர் கண்ணில் பட்டதுமே, ஆமத்தூரைத் தாண்டி வந்துவிட்டோம் என்று இருவரும் நினைத்துவிட்டார்கள். மேலே போய்த் தேடினார்கள், இல்லை. ஊர் கீழே இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்து வரிசையை நம்பியவர்களை நம் பட்டியல் அலைய விட்டது.

காரணம் எளிது. யூனிகோடில் தமிழ்ப் பகுதி, 1988இல் வந்த இஸ்கி குறியீட்டின் அமைப்பைத் தழுவியது. இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் என்பதால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் அமர்ந்தன. ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்னால் வந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்டில் சார்ட் என்று மட்டும் எழுதினால் அது எழுத்துகளின் யூனிகோடு எண்களைத்தான் ஒப்பிடும். லோக்கேல்கம்பேருக்குத் தமிழின் மொழிக்குறியைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் ஆமத்தூர் தன் இடத்துக்கு வந்துவிடும். ஒரு வரி வேலை.

இன்னொரு வகைப் பட்டியலும் உண்டு. பெயர்கள் தமிழில் இருக்கும், அடுக்கு மட்டும் ஆங்கில எழுத்துப்படி இருக்கும். விருதுநகர் மாவட்டத்தின் பத்து வட்டங்களையும் அப்படி அடுக்கினால் ராஜபாளையத்துக்குப் பிறகு சாத்தூர் வரும், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிறகு திருச்சுழி வரும், எல்லாவற்றுக்கும் கடைசியில் வத்திராயிருப்பு வரும். அதன் ஆங்கிலப் பெயர் ‘வாட்ராப்’ டபிள்யூவில் தொடங்குகிறது என்பதுதான் காரணம். தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு இது வரிசையே அல்ல.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ட்ராப்டவுனைத் தரும் செலக்ட் என்ற உறுப்பு 1995இல் ஹெச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இடம்பெற்றது. அன்று முதல் மூடியிருக்கும் பெட்டியை ஓரளவு அழகுபடுத்தலாம், விரியும் பட்டியலைத் தொட முடியாது என்பதே நிலை. அதனால்தான் டிவ்களை அடுக்கி நாமே ட்ராப்டவுன் கட்டினோம், லைப்ரரிகளை இழுத்துப் போட்டோம். 2025 ஏப்ரலில் வந்த குரோம் 135 அந்தப் பூட்டைத் திறந்தது. அப்பியரன்ஸ் பண்புக்கு ‘பேஸ்-செலக்ட்’ என்ற மதிப்பைப் பெட்டிக்கும் பட்டியலுக்கும் கொடுத்தால் நிறம், இடைவெளி, அம்புக்குறி, டிக் குறி அனைத்தும் நம் கைக்கு வருகின்றன. ஒவ்வொரு தேர்வுக்குள்ளும் படம்கூட வைக்கலாம்.

இந்த வசதியை மனமார வரவேற்கிறேன். நாமே கட்டிய ட்ராப்டவுன்களால் பட்ட பாடு கொஞ்சமல்ல. டேப் விசையை அழுத்தினால் ஃபோகஸ் வராது, எஸ்கேப் அழுத்தினால் மூடாது. அது ஒரு தேர்வுப் பெட்டி என்பதே ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியாது. தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு இன்னொரு இடி: உள்ளீட்டு மென்பொருள் எழுத்தைக் கோத்துக்கொண்டிருக்கும்போது கீடவுன் நிகழ்வில் எழுத்துக்குப் பதிலாக ‘பிராசஸ்’ என்ற சொல்தான் வருகிறது. முதல் எழுத்தைத் தட்டி ஊருக்குத் தாவும் வசதி அங்கேயே செத்துவிடுகிறது. இயல்பான செலக்டில் விசைப்பலகை நடத்தையும் அணுகல்தன்மையும் நாம் எழுதாமலே கிடைக்கின்றன. அவற்றை இழக்காமல் தோற்றத்தை மாற்ற முடிவதுதான் இதன் பெரிய லாபம்.

ஆனால் அளவறிந்து பயன்படுத்த வேண்டும். ஒரு பட்டாசு ஆலையின் இருப்புக் கணக்குப் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கு சக்கரம், புஸ்வாணம், கம்பி மத்தாப்பு என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிறு படம் வைத்தால் சரக்கு எடுப்பவருக்கு உதவிதான். ஆயினும் 10 செ.மீ. மத்தாப்பையும் 15 செ.மீ. மத்தாப்பையும் படத்தால் மட்டும் பிரித்துக் காட்டாதீர்கள். இந்த வசதி இல்லாத பிரவுசர் படத்தை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் காட்டும். அளவு சொல்லில் இருந்தால் அங்கும் வேலை நடக்கும், பார்வையற்றவருக்கும் அது போய்ச் சேரும்.

கைபேசியில் இன்னும் கவனம் தேவை. பேஸ்-செலக்ட் போட்டவுடன், மக்களுக்குப் பழகிய கைபேசியின் சொந்தத் தேர்வுப் பட்டியல் வராது. நாம் வரைந்த பட்டியல்தான் வரும். அகலத் திரைக்கு மட்டும் புதிய தோற்றத்தைக் கொடுத்து, கைபேசியை அதன் போக்கில் விடுவதே பல இடங்களில் நல்லது. வரைந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொரு தேர்வுக்கும் 24 பிக்சலுக்குக் குறையாத உயரம் வேண்டும். வெப் அணுகல் வழிகாட்டி 2.2 கேட்கும் குறைந்தபட்ச அளவு அது. தமிழுக்கு அதற்கு மேலும் வேண்டும். ஆங்கிலத்துக்குப் பார்த்து வைத்த வரி உயரத்தில் ஈகாரச் சுழியின் தலையும் ஊகாரக் கொம்பின் காலும் வெட்டுப்படுகின்றன. ‘ஸ்ரீவில்லிபுத்...’ என்று மூன்று புள்ளி வைத்து முடிக்காமல் பெயரை அடுத்த வரிக்கு மடங்க விடுங்கள்.

பட்டியல் மிக நீண்டால் எந்த அலங்காரமும் உதவாது. விருதுநகர் மாவட்டத்தில் 450 ஊராட்சிகள். இணையத்தில் பட்டா பார்க்கும்போது மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாக இறங்குவது போலப் பிரித்துக் கொடுக்கலாம். அல்லது தட்டச்சிட்டுத் தேடும் பெட்டி வைக்கலாம். தேடல் வைத்தால், திருவில்லிபுத்தூர் என்று அடித்தவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரும், இராஜபாளையம் என்று அடித்தவருக்கு ராஜபாளையமும் கிடைக்க வேண்டும். ஆமத்தூரை ஆங்கிலத்தில் ஒற்றை ‘ஏ’ போட்டு எழுதுவோரும் இரட்டை ‘ஏ’ போட்டு எழுதுவோரும் உண்டு. இருவருமே சரியானவர்கள்தான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஓர் அங்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. ஒரு படிவத்தில் தன் ஊரைத் தேர்ந்தெடுக்க முடியாதவர் அந்தச் சேவையின் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

ஆகவே நண்பர்களே, புதிய ட்ராப்டவுனுக்கு நிறம் தீட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் கடைசியாக எழுதிய படிவத்தின் பட்டியலில் ஆமத்தூரையும் ஆனையூரையும் சேர்த்துப் பாருங்கள். ஆனையூர் மேலே வந்தால் முதல் வேலையாக அதைத் திருத்துங்கள். வண்ணம் அதற்குப் பிறகு.