கட்டுமரத்தில் ஒரு குடித்தனம்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குப் போயிருப்பீர்கள். தூரத்தில் போகும் கப்பல்களைப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம் படகிலேயே குடியிருந்தால் என்ன?" என்று சின்னவன் கேட்டிருப்பான். சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்தோடு லயத்தில் வாழ்ந்தவர்கள் நாம். 'காலி செய்' என்று யாரும் சொல்லமுடியாத வீடு நம் நெடுநாள் கனவல்லவா?

அப்படிக் குடியிருக்கப் பலர் விரும்புவது இரட்டை ஓடப் பாய்மரப் படகு. உலகம் அதைக் 'கட்டமரான்' என்கிறது. பெயர் நம்முடைய கட்டுமரம்தான். பெருமைப்படலாம், ஆனால் உண்மையையும் சொல்லவேண்டும். நம் கட்டுமரம், மரங்களை நெருக்கிக் கட்டிய மிதவை. இரண்டு ஓடங்களை இடைவெளிவிட்டுக் குறுக்கு மரங்களால் இணைத்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். பெண்டு பிள்ளைகளையும் செடிகளையும் பன்றி, கோழிகளையும் அதில் ஏற்றிக்கொண்டு புதுத் தீவுகளில் குடியேறினார்கள்.

அவர்களிடம் பாடம் படித்தவர் ஜேம்ஸ் வொர்ரம் என்ற ஆங்கிலேயர். தாமே கட்டிய, இருபத்துநான்கு அடிகூட இல்லாத படகில் இரண்டு பெண்களோடு 1955-இல் புறப்பட்டு, அட்லாண்டிக் கடலைக் கடந்து டிரினிடாட் சேர்ந்தார். அங்கே 40 அடியில் இன்னொரு படகு கட்டி, 1959-இல் வட அட்லாண்டிக் வழியே திரும்பினார். 2021-இல் மறையும்வரை, சாதாரண மக்கள் தாங்களே கட்டிக்கொள்ளும்படியான படகு வரைபடங்களைத் தயாரித்து விற்றுவந்தார்.

சரி, நம் பிள்ளை படகு வரைந்தால் முதலில் எதைக் கவனிக்கவேண்டும்? பாரத்தை! ஒற்றை உடல் படகு கவிழாமலிருக்க அடியில் ஈயமோ இரும்போ வைப்பார்கள். இரட்டை ஓடத்துக்கு அதன் அகலமே காவல். ஆனால் சாமான் கூடினால் அது தாழ்ந்துபோகும், வேகம் குறையும், நடுத்தளத்தின் அடியில் அலை மோதும். புயலில் ஒருமுறை கவிழ்ந்தால் தானாக நிமிரவும் செய்யாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு, ஆளுக்குத் தினம் 5 லிட்டர் தண்ணீர் என்றால், 30 நாளைக்கு 600 லிட்டர். அதாவது 600 கிலோ! அரிசி, கட்டில், அலமாரி எல்லாம் இதற்கு மேல்தான்.

ஆகவே எதை ஏற்றுவது என்பதைவிட, எதைக் கரையில் விடுவது என்பதே படகு வீட்டின் முதல் கணக்கு. இதைச் சொல்லித்தர நம் பாட்டிமார்களைவிட நல்ல வாத்தியார் யார்? ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறி வந்து, லயத்து அறையில் குடும்பம் நடத்தியவர்களாயிற்றே!

இன்று மாலை பிள்ளைக்கு ஒரு மணிலா அட்டை வாங்கிக்கொடுங்கள். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்து வரையட்டும். பாட்டியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். படகு கடலுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. நாளை நீங்கள் சொந்த வீடு கட்டும்போது அந்தக் கணக்கு நிச்சயம் உதவும்.