வேப்பமரத்தடியில நாலு பெஞ்சு

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ எங்க ஊர் கிளை நூலகத்துப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்போ பார்த்த அதே இரும்பு பீரோ, அதே 'அமைதி காக்கவும்' பலகை. ஆனா உள்ளே ரெண்டே பெரியவங்க. கூட்டம் பூரா வெளியே!

வேப்பமரத்தடியில துண்டை விரிச்சு பத்துப் பதினைஞ்சு பசங்க குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தாங்க. ஒருத்தன் பைக் டேங்க் மேல நோட்டை வெச்சு கணக்குப் போடுறான். ஏம்ப்பா உள்ளே உட்காரலைன்னு கேட்டேன்.

"நாங்க ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்டுப் படிப்போம்ணா. உள்ளே சத்தம் போட்டா திட்டுவாங்க."

நியாயந்தானே? நானே பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட புலம்பித்தான் பாதி பக் கண்டுபிடிக்கிறேன் :-)

வீட்டுக்கு வந்து அக்கா பொண்ணுகிட்ட (ஒன்பதாவது படிக்கிறா) நீயும் போக வேண்டியதுதானேன்னேன்.

"போனேன் மாமா. லீவுல கதை சொல்றது, செஸ் எல்லாம் வெச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது நாளோட நின்னுட்டேன். அங்க பாத்ரூம் கிடையாது."

சுருக்குன்னு இருந்துச்சு. வருஷக்கணக்கா அங்கேயே கிடந்தவன் நான். எனக்கு ஒரு நாளும் இது தோணலை. எங்களுக்குத்தான் பின்பக்கச் சுவர் இருந்துச்சே!

காசு இல்லைன்னு சொல்லாதீங்க மக்களே. சுதந்திர இந்தியாவோட முதல் நூலகச் சட்டம் 1948-ல நம்ம மாகாணத்துல வந்ததுதான். சொத்து வரியில ரூபாய்க்கு 10 காசு நூலக வரி இன்னிக்கும் கட்டுறோம். 2010-ல சென்னையில அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-ல மதுரையில கலைஞர் நூலகம். ரெண்டும் வேணும், நான் இல்லைங்கலை. அண்ணா நூலகத்துக் குழந்தைகள் பிரிவுல செயற்கை மரம் ஒண்ணு வெச்சிருக்காங்க, அழகா இருக்கும். எங்க ஊர்ல நிஜ மரமே நிக்குது. அதுக்கடியில நாலு சிமெண்ட் பெஞ்சும் ஒரு லைட்டும்தான் இல்லை.

"பெஞ்சு போட்டா வெட்டிப் பசங்க வந்து உட்காருவானுங்க"ன்னார் எங்கப்பா. உட்காரட்டுமேப்பா! பத்து பேர் உட்கார்ந்தா ரெண்டு பேராவது உள்ளே எட்டிப் பார்க்க மாட்டானா? 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில புத்தகத்தை ஏத்திக்கிட்டு ஊர் ஊராப் போயிருக்காங்க. நாம வாசப்படி தாண்டி மரத்தடி வரைக்கும் வர யோசிக்கிறோம்.

நூலகரைக் குறை சொல்ல மாட்டேன். ஒத்தை ஆளா செஸ் போர்டு வாங்கி வெச்சு பிள்ளைங்களைக் கூப்பிட்ட மனுஷன். ஆனா கழிவறை இல்லாத இடத்துல என்ன நிகழ்ச்சி நடத்தினாலும் அது பாதிப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தான். அதனால என் வரிசை இதுதான்: முதல்ல கழிவறை, அப்புறம் பெஞ்சு, லைட்டு. செஸ்ஸுக்கு அப்புறம் யாரும் கூப்பிடவே வேண்டியதில்லை.

மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதியாச்சு. முதல் கையெழுத்து அக்கா பொண்ணு. கடைசிக் கையெழுத்து, ரெண்டு நாள் முணுமுணுத்துட்டு, எங்கப்பா.