மின்பூட்டுக் கதவுகள்

பாலக்கோடு வட்டத்து மாரண்டஹள்ளியிலே உறுதியான ஒரு தாழ்ப்பாளும் ஒரு திண்டுக்கல் பூட்டும் இருந்துவிட்டால் வீட்டுக்குக் காவல் போதும் என்று நம் பெரியோர் எண்ணினர். 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டின் பெருமையைக் குறைத்துரைக்க நமக்கு மனமில்லை. ஆயினும், அவ்வூரினின்று புகைவண்டியேறி ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூர் அலுவலகங்களுக்கும் செல்லும் நம் இளைஞர், இந்நாளிற் சாவித் துவாரமே காணப்படாத கதவுகளின் முன் நிற்கின்றனர். நம் கல்லூரிகளுக்கும் அவை வந்துகொண்டிருத்தலின், அவற்றைப் பற்றி நம் கருத்தைச் சிறிது கூறத் துணிகின்றோம்.

இரகசிய எண்ணை அழுத்தித் திறப்பது ஒரு வகை. ஆனால் எண் ஒருவர் வாயினின்று ஒன்பதின்மர் செவிக்குச் சென்றுவிடும். அட்டையைக் காட்டித் திறப்பது மற்றொரு வகை. அட்டை தொலைந்தாற் கணக்கினின்று அதனை நீக்கிவிட்டு வேறொன்று கொடுக்கலாம். பூட்டை மாற்ற வேண்டுவதில்லை. பழைய மாதிரி அட்டைகளை மலிவான கருவியொன்றினால் நகலெடுத்துவிடலாம் என்பதை மட்டும் விற்பவர் சொல்லுவதில்லை! விரல் ரேகையைப் பார்த்துத் திறப்பதே யாவரும் வியக்கும் வகை. தக்காளி பறித்தும் மண்வெட்டி பிடித்தும் தேய்ந்த கையை அவ்வியந்திரம் பல வேளைகளில் அறிந்துகொள்வதில்லை. நியாயவிலைக் கடையில் விரலை வைத்து வைத்துப் பார்த்துச் சலித்த முதியோரை நாம் அறிவோம். அன்றியும், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை உண்டு. களவுபோன ரேகைக்கு மாற்று விரல் பத்துக்கு மேல் இல்லை.

இவையெல்லாம் உள்ளே வருவோரைப் பற்றிய பேச்சு. நம் கவலை வெளியே செல்ல வேண்டியவரைப் பற்றியது.

மின்சாரம் நின்றவுடன் இக்கதவு என்ன செய்யும்? சட்டத்தில் மின்காந்தமும் கதவில் இரும்புத் தகடும் பொருத்திய பூட்டு, 600 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 270 கிலோ விசையாற் பற்றிக்கொள்ளும். மின்னோட்டம் அற்றால் உடனே விட்டுவிடும். வேறொரு வகை, மின்சாரம் அற்றாலும் பூட்டியபடியே நிற்கும். "விளக்கணைந்தாற் கள்வன் புகுவானே" என்று அஞ்சும் கட்டிடக்காரர் இப்பிந்தியதையே நாடுவர். அவர் அச்சம் வீணன்று. ஆனால் அவ்வகையை வைப்பதாயின், உட்புறத்தில் மின்சாரத்தை நாடாது கையாலேயே திறக்கும் பிடி இருத்தல் வேண்டும். காந்தப் பூட்டிலும் ஒரு வஞ்சனை உண்டு: மின்கலம் இணைத்திருப்பின், ஊர் விளக்கெல்லாம் அணைந்த பின்னும் அது பற்றிக்கொண்டே இருக்கும். ஆதலின், தீயை அறிவிக்கும் மணியோடு அது பிணைக்கப்படல் இன்றியமையாதது.

நாம் வீணே அஞ்சவில்லை. 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கிள் தையற்சாலை தீப்பற்றியபோது 146 பேர் மாண்டனர். தொழிலாளர் துணியைக் களவாடாதிருக்கவென்று படிக்கட்டுக் கதவொன்று பூட்டியிருந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் மூச்சடைத்து இறந்ததற்கும், பால்கனிக் கதவு தாழிட்டிருந்தமை ஒரு காரணமாயிற்று. அவை இரண்டும் கைப்பூட்டுக்களே. சாவி வைத்திருப்பவனைக் கூவியேனும் அழைக்கலாம். கம்பியினுள் அறுந்த மின்னோட்டத்தை யார் அழைப்பது? வெளிவாயிற் கதவுகள் உள்ளிருப்போர்க்குச் சாவியின்றித் திறத்தல் வேண்டும் என்று இந்திய தேசியக் கட்டிட விதித்தொகுப்பு (2016) கூறுகின்றது. அவ்விதி அட்டைக்கும் விரலுக்கும் பொருந்தும் என்பதே நம் கொள்கை.

ஆகவே, மாணவர் விடுதிக்கோ நூல்நிலையத்துக்கோ இத்தகைய கதவு வாங்கும் எந்தக் கல்லூரியும், விற்பவருக்குப் பணம் கொடுக்கு முன் ஒரு காரியம் செய்யலாம். இராப்பொழுதில் மாணவர் சிலரை உள்ளே இருத்திக் கதவைச் சாத்தி, முதன்மை விசையை நிறுத்திவிட்டு, தீயறிவிப்பு மணியையும் அடித்து, அவர்கள் அட்டையும் விளக்கும் இன்றி எத்தனை விநாடியில் முற்றத்துக்கு வருகின்றனர் என்று முதல்வரே கடிகாரத்தோடு வெளியே நின்று பார்க்கட்டும்.