குவளையும் இசைக்கருவியே

பள்ளி மாணவர்கள் பெரிய இசை நாடகமொன்றை மேடையேற்றப் போகிறார்கள் என்றால், "சிறுவர்களால் ஆகிற காரியமா?" என்று கேட்பவர் பலர். ஆகும் என்பேன். இங்கிலாந்தில் ஆகியிருக்கிறது.

1958 ஜூன் 18 அன்று, சஃபோக் பகுதியிலுள்ள ஆர்ஃபோர்டு தேவாலயத்தில் பெஞ்சமின் பிரிட்டனின் 'நோயீஸ் ஃப்ளட்' அரங்கேறியது. நோவாவின் பேழைக் கதை. நோவா, அவர் மனைவி, இறைவனின் குரல் ஆகிய மூன்று பாத்திரங்களே பெரியவர்களுக்கு. விலங்குகளாக அணிவகுத்துப் பேழைக்குள் நுழைந்தவர்கள் சிறுவர் சிறுமியரே. வயலினில் தேறியவனுக்கு ஒரு பகுதி. தொடக்க நிலையில் உள்ளவனுக்குப் பெரும்பாலும் வெறுந்தந்தியை மீட்டும் பகுதி. மழைத்துளி விழும் ஓசைக்கோ, கயிற்றில் தொங்கவிட்ட தேநீர்க் குவளைகளை மரக்கரண்டியால் தட்டினார்கள்! (நீரில்லா ஜலதரங்கம் எனலாமா?) பார்க்க வந்தோரும் சேர்ந்து பாடுவதற்கென்றே சில பாடல்கள் இருந்தன.

நம் பள்ளி ஆண்டு விழாக்களில் நடப்பதென்ன? "உனக்குக் குரல் போதாது" என்று ஒரே நாளில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்த மாணவன் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாடத் தெரிந்த நால்வரே ஆண்டுதோறும் பாடுகிறார்கள். இதைப் பள்ளி நாடகம் என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.